குட் நேம்

பாலிகஞ்சில் எங்கள் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த வங்காளிப் பெண் வாசலில் நின்று, சித்தி முறை வைத்து, "யுவர் குட் நேம், மாஷிமா?" என்றாள். என் மகள் காதருகே, "அம்மா, அது தப்பு இங்கிலீஷ். நேம்னாலே போதும்" என்று கிசுகிசுத்தாள். எனக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது!

அப்பாவுக்கு மாற்றலாகி இதே தெருவுக்கு வந்தபோது எனக்கு ஏழு வயது. "புது ஊர். நல்ல பேர் எடுக்கணும்டி" என்று மறுநாள் காலை தலை பின்னும்போதே அம்மா சொல்லிவிட்டாள். வெளியே ஓடினேன். கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசனையோடு பக்கத்து வீட்டு வங்காளி மாமி, காக்கிமா, கதவைத் திறந்து, "வாட் இஸ் யுவர் குட் நேம்?" என்றார்.

நல்ல பேரா? அதற்குள்ளேயா? "நாட் எட், ஆன்ட்டி! ஒன்லி எஸ்டர்டே வீ கேம்!" என்றேன்.

காக்கிமா விழுந்து விழுந்து சிரித்தார். வங்காளிகளுக்கு வீட்டில் கூப்பிட ஒரு பெயர், வெளியே சொல்ல ஒரு நல்ல பெயர் என்று இரண்டு உண்டாம். எனக்கு வீட்டுப் பெயர் இல்லையென்றதும், டுக்டுகி என்று அங்கேயே வைத்துவிட்டார். பேர் கிடைத்துவிட்டதென்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன்.

"டுக்டுகி" என்றேன் அந்தப் பெண்ணிடம். அது வீட்டுப் பேராச்சே என்று மகள் முறைத்தாள். அவள் பக்கம் திரும்பினேன்.

"நல்ல பேர் எடுத்தேனா இல்லையான்னு தெருவுல கேட்டுக்கோ, போ!"