மலையேற மறுத்த சிவப்புக் கார்

இது நடந்தது தொண்ணூத்தெட்டுக் கடைசியில, இலங்கையில தெரணியகலைக்கு மேல இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்துல. அப்ப டவுன் முடியிற எடத்துல, பஸ் திரும்புற வளைவுக்கு எதிர்ல, எங்களுக்கு ஒரு சின்ன கராஜ் இருந்துச்சு. வீட்டுக்காரரு வாகனம் ரிப்பேர் பண்ணுவாரு. நான் உள்ளுக்கு ஒக்காந்து டைனமோ, ஸ்டார்ட்டர், தண்ணி மோட்டருன்னு எல்லாத்துக்கும் வயிண்டிங் கட்டுவேன். செம்புக் கம்பிய சுத்தி, வார்னிஷ் அடிச்சு, காயவெச்சுக் குடுக்குற வேலை. அவருகிட்டதான் கத்துக்கிட்டேன். ஆனா கை சுத்தம் எனக்குத்தான்னு அவரே நாலு பேருக்கு முன்னால சொல்லுவாரு. பெருமைக்குச் சொல்றேன்னு நெனைக்காதீங்க. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், இருக்கட்டுமே!

அந்தத் தோட்டத்துத் தொரை ஒரு சிங்கள மனுஷன். நல்லவரு. தமிழும் சிங்களமும் கலந்து கட்டிப் பேசுவாரு. அவருகிட்ட ஒரு கார் இருந்துச்சு. அவங்க அப்பா காலத்துல இத்தாலியில இருந்து வந்தது. ரெண்டே சீட்டு, ரத்தச் செவப்பு, தரையோட ஒட்டுன மாதிரி ஒரு உருவம். தோட்டத்து ஆளுங்க குடியிருக்கிற லயத்துப் புள்ளைங்க அதுக்குத் தவளைன்னு பேரு வெச்சிருந்துச்சுங்க. பங்களா ரோட்டுல அத ஸ்டார்ட் பண்ணுனா மூணாம் மலையில கொழுந்து எடுக்குறவங்களுக்கும் கேக்கும். கொழும்புக்காரங்க கூட அந்த இஞ்சினத் தொட யோசிப்பாங்களாம். எங்க வீட்டுக்காரரு ஒருத்தரைத்தான் தொரை தொட விடுவாரு. இத்தாலிக் காருக்குக் கை வைக்கிறவருன்னு டவுனுக்குள்ள அவருக்கு ஒரு தனி மரியாதை.

அந்த வருஷம் ஆயுத பூசைக்குத் தொரை அந்தக் காரையும் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குக் கொண்டாந்து நிப்பாட்டுனாரு. ஸ்டோர் வாசல்லதான் ரோதமுனி இருக்காரு, மெஷின் ஓட்டுறவங்களுக்குக் காவல் சாமி. ரோலர், டிரையர், லொறி, டிரெக்டர், செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடைன்னு எதையும் விடாம பொட்டு வெப்பாங்க. ஸ்டோர்ல இஞ்சின் ஓட்டுற அண்ணன்தான் பூசாரியும். தொரை சிரிச்சுக்கிட்டே, "நம்ம வண்டிக்கும் பூசை போடுங்க"ன்னாரு. போனெட்டத் தொறந்து வெச்சு, உள்ளுக்கும் வெளியிலயும் திருநீறு, சந்தனம், குங்குமம் எல்லாம் அமோகமா வெச்சாங்க. மஞ்சத் தண்ணி தெளிச்சு, தேங்காய் ஒடைச்சு, எல்லாரும் சுண்டல் சாப்புட்டு வந்தோம்.

கார்த்திகை மழை ஆரம்பிச்ச பெறகு வந்துச்சு வெனை. காலைப் பனியில தொரை பங்களாவுல இருந்து எறங்கி, ஓடைப் பாலத்தத் தாண்டி, அந்தப் பக்கத்து ஏத்தத்துல ஏறுறப்ப கார் முக்கும். அப்பறம் இருமும். பட் பட்டுன்னு ரெண்டு வெடி. அதோட நின்னுரும். ஆள் அனுப்புவாங்க. வீட்டுக்காரரு சாமான் பையத் தூக்கிக்கிட்டு மோட்டார் சைக்கிள்ல ஓடுவாரு. அவரு போய்ச் சேர்றதுக்குள்ள வெயில் வந்துரும். சாவியத் திருப்புனா ஒரே மடக்குல ஸ்டார்ட் ஆகி, பூனை மாதிரி சத்தம் போட்டுக்கிட்டு நிக்கும். டாக்டர் வீட்டு வாசல்ல போன ஒடனே காய்ச்சல் விட்டுப்போற புள்ளை இல்லையா, அதே கதைதான்.

மனுஷன் விடல. பிளக் மாத்துனாரு. பொயின்ட் மாத்துனாரு, கண்டென்சர் மாத்துனாரு, காயிலும் மாத்துனாரு. பெற்றோல் பைப்பக் கழட்டி ஊதுனாரு. ஒவ்வொரு தடவையும் நாலு நாள் ஒழுங்கா ஓடும். எல்லாரும் மூச்சு விடுவோம். அஞ்சாவது நாள் மறுபடியும் அதே ஏத்தத்துல நிக்கும்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? தொரை செருப்போட பூசையில நின்னாரு, ரோதமுனிக்குக் கோவம்னு கொஞ்சப் பேரு. அதுகூடப் பரவால்ல. "நல்லா இருந்த கார். அந்தாளு கை வெச்சு வெச்சே கெடுத்துட்டான்"னு டீக்கடையில பேச்சு வந்துச்சு. தோட்டத்து லொறிய எங்க கராஜ் வாசலத் தாண்டி ரிப்பேருக்கு அவிசாவளைக்கு ஓட்டிக்கிட்டுப் போனாங்க. நாங்க பாத்துக்கிட்டே இருந்தோம். அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரரு சோத்துல கை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

ரெண்டு நாள் கழிச்சு சவுதிக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் வீட்டுக்கு வந்தான். வீட்டுக்காரருதான் வரச் சொல்லியிருக்காரு.

"பொங்கல் முடிய கெளம்புறேன். இங்க எனக்கு இனிமே பேரு இல்ல"ன்னாரு.

எங்க பக்கத்துல சவுதிக்குப் போன ஆம்பளைங்க எத்தனையோ பேரு. திரும்பி வந்தவங்களும் வேற ஆளாத்தான் வந்தாங்க. அழுதேன். சண்டை போட்டேன். "ஒரு காருக்காகக் கட்டுனவள விட்டுட்டுப் போறீங்களா?"ன்னு கத்துனேன். "காருக்காக இல்ல புள்ளை, மானத்துக்காக"ன்னாரு. தொரையும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, பொங்கலுக்குள்ள சரியாகலன்னா லொறியில ஏத்திக் கொழும்புக்கு அனுப்பிருவேன்னு சொல்லிட்டாரு. அந்தக் கார் லொறியில ஏறுனா இவரு பிளேன்ல ஏறிருவாரு. எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

அழுது முடிச்சுட்டு யோசிச்சேன். வயிண்டிங் வேலையில எனக்கு ஒரு விசயம் அத்துப்படி. ஈரம் போகாத காயில் காயிறவரைக்கும் கள்ளத்தனம்தான் பண்ணும். கரண்டு போக வேண்டிய வழிய விட்டுட்டு, ஈரம் காட்டுற வழியில மோட்டர் பாடிக்குப் போயிரும். காஞ்சிட்டா ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கும். இந்தக் காரும் அதத்தானே செய்யிது?

"அது எப்பவாவது பகல் வெயில்ல நின்னிருக்கா?"ன்னு கேட்டேன்.

"இல்ல. எல்லாம் காலையிலதான்."

"பனி இல்லாத காலையில?"

அவரு என்னைத் திரும்பிப் பாத்தாரு. "வயரு, மூடி எல்லாம் நான் தொடைச்சிட்டேன் புள்ளை. ஈரம் தங்கல."

"நான் ஒருக்கா பாக்குறேன்"னேன். மொதல்ல சிரிச்சாரு. அப்பறம் என் மூஞ்சியப் பாத்துட்டு, மோட்டார் சைக்கிள எடுத்தாரு.

போற வழியில, கொழுந்து எடுக்கப் போய்க்கிட்டிருந்த ஒரு அக்காகிட்ட தலையில போட்டிருந்த கம்பளியக் கடன் கேட்டேன். "எதுக்குடி?"ன்னு கேட்டாங்க. "காருக்குக் குளிருதாம்"னேன். வயிறு வலிக்கச் சிரிச்சாங்க, ஆனா குடுத்தாங்க.

பங்களா முன்னால கார் நிக்கிது. தொரையும் நிக்கிறாரு. ஸ்டோர் இஞ்சின் அண்ணனும் எதுக்கோ வந்தவரு நின்னுட்டாரு. காரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். நல்லாத்தான் ஓடுச்சு. கொண்டைய இறுக்கிக் கட்டி, சேலை முந்தானைய இடுப்புல சொருகுனேன். "இஞ்சின் காத்தாடி சுத்துது, பாத்துப் பாத்து"ன்னு வீட்டுக்காரரு பதறுறாரு. போனெட்டுக்குள்ள தலையக் குடுத்து, கம்பளிய மேல போட்டுக்கிட்டேன். உள்ளுக்கு ஒரே கும்மிருட்டு. பெற்றோல் வாடை, கம்பளியோட பழைய மழை வாடை. இஸ்திரி போடுறப்ப துணிக்குத் தண்ணி தெளிப்போமே, அந்த மாதிரி ஒரு டம்ளர் தண்ணிய வெரலால தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு எடமாத் தெளிச்சேன். காயிலு. ஒண்ணும் இல்ல. வயருங்க. ஒண்ணும் இல்ல. அப்பறம் பிளக்குங்களுக்கு நெருப்பப் பிரிச்சு அனுப்புற டிஸ்ரிபியூட்டரோட மூடி.

கார் இருமுச்சு!

அத நான் சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன். அந்தக் கறுப்பு மூடியில இருந்து ஆறு வயர் மேல எழும்பி நிக்கும், படமெடுத்த நாகம் மாதிரி. அந்த நாகத்துக்கு மூணு பட்டை திருநீறு, நடுவுல கட்டியா சந்தனம், அதுக்கு மேல குங்குமம். அந்தத் திருநீத்துப் பட்டை மேல நீல நெருப்பு பூச்சி மாதிரி ஓடுது. ஒரு வயர்ல இருந்து அடுத்த வயருக்கு, அங்க இருந்து சந்தனம் வழிஞ்ச தடத்துல எறங்கி, கீழ இரும்புக் கிளிப்புக்குப் போயிருது. பிளக்குக்குப் போக வேண்டிய நெருப்பெல்லாம் பொட்டு வழியாப் போகுது!

"வந்து பாருங்க!"ன்னு கத்துனேன். வீட்டுக்காரரு கம்பளிக்குள்ள நொழைஞ்சாரு. ரெண்டு பேரு தலையும் உள்ளுக்கு. நான் இன்னொரு தடவை தெளிச்சேன். நீல நெருப்பு ஓடுச்சு. "அட கடவுளே"ன்னாரு. அவ்வளவுதான். என் கையப் புடிச்சுக்கிட்டாரு, விடவே இல்ல.

பெறகுதான் அவரு சொன்னாரு. எத்தனையோ தடவை அந்த மூடியக் கழட்டி மாட்டியிருக்காரு. ஒவ்வொரு தடவையும் சுத்தியிருக்கிற ஈரத்தத் தொடைச்சிட்டு, பொட்டு மட்டும் கலையாம பத்திரமாப் புடிச்சு வெச்சிருக்காரு. பூசைக்கு வெச்ச பொட்ட எங்க ஆளுங்க யாராவது தொடைப்பாங்களா? அது தானா உதுர்ற வரைக்கும் விட்டுருவோம். புது மூடி வாங்கியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். கொழும்புல பழைய சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில தேடியும் அந்தக் காருக்கு மூடி கெடைக்கல. திருநீறு சாம்பல்தானே, பனியில ஈரத்த இழுத்துக்கும். இஞ்சின் சூட்டுல காஞ்சதும் சரியாயிரும். பனி இல்லாத நாள்ல ஒண்ணும் பண்ணாது.

இப்ப அத யாரு தொடைக்கிறது? வீட்டுக்காரரு இஞ்சின் அண்ணனப் பாக்குறாரு. அண்ணன் தொரையப் பாக்குறாரு. தொரை ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டு, "அனே, ஐயையோ, நான் தொட மாட்டேன், சாமி விசயம்"னுட்டாரு. மூணு ஆம்பளைங்க, ஒரு பொட்டு!

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "நெத்தியில பூசுற திருநீற நாம குளிக்கிறப்ப கழுவுறதில்லையா? வண்டியும் குளிக்கட்டும்"னேன். இஞ்சின் அண்ணன் தலையாட்டுனாரு. "அதுவும் சரிதான் தங்கச்சி"ன்னு அவரே சூடத்தக் கொளுத்திக் காட்டுனாரு. ரோதமுனிய நெனச்சுக் கும்புட்டுட்டு, மூடியக் கழட்டி, சுத்தமான துணியால தொடைச்சேன். நெருப்பு ஓடுன தடத்துல மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்துச்சு. அத பிளேடால நோகாமச் சொரண்டி, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, வயிண்டிங்குக்கு அடிக்கிற வார்னிஷ அது மேல பூசி, நல்லாக் காயவெச்சேன். என் கை வேலை. அந்த மூடி கண்ணாடி மாதிரி மின்னுச்சு.

மாட்டிட்டோம். ஆனா பனி வந்தாத்தானே தெரியும்? பொங்கலுக்கு முந்துன வாரம் ஒரு காலையில, பக்கத்து லயம் தெரியாத அளவுக்கு மூடிக்கிச்சு. தொரை ஆள் அனுப்பி என்னையும் வரச் சொல்லி, "ஏறுங்க"ன்னு பக்கத்து சீட்டுல ஒக்கார வெச்சாரு. வீட்டுக்காரரு எங்களுக்கு முன்னாலயே போயி அந்த ஏத்தத்துல, கார் வழக்கமா நிக்கிற எடத்துலயே சாமான் பையோட நின்னுக்கிட்டாரு.

ஓடைப் பாலம் தாண்டுச்சு. ஏத்தம் ஆரம்பிச்சுது. நான் ரெண்டு கையாலயும் சீட்டப் புடிச்சுக்கிட்டேன். முருகா, இருமக் கூடாது, இருமக் கூடாது. பனிக்குள்ள வீட்டுக்காரரு நிக்கிறது தெரிஞ்சுது. கிட்ட வர வர அவரு மூஞ்சி தெரிஞ்சுது. தொரை காலை அமுக்குனாரு. கார் உறுமிக்கிட்டு அவரத் தாண்டிப் போச்சு. நிக்கல! திரும்பிப் பாக்குறேன், சாமான் பையத் தோள்ல போட்டுக்கிட்டு அந்த மனுஷன் சின்னப் புள்ளை மாதிரி கார் பின்னால ஓடி வர்றாரு. மேல மலையில கொழுந்து எடுத்தவங்க கை தட்டி விசில் அடிக்கிறாங்க. கம்பளி குடுத்த அக்கா சத்தம்தான் பெருசாக் கேட்டுச்சு.

மேட்டுல கார நிறுத்திட்டுத் தொரை என்கிட்ட, "ஹரி சோக், பாஸ் நோனா"ன்னாரு. சிங்களத்துல, ரொம்பப் பிரமாதம், பாஸ் அம்மான்னு அர்த்தம். மெக்கானிக்க பாஸ்னு கூப்புடுறது எங்க பக்கத்து வழக்கம். பொம்பளைய அப்புடி யாரும் கூப்புட்டதில்ல. அன்னையில இருந்து டவுனுக்கே நான் பாஸ் நோனாதான். லொறியும் எங்க வாசலுக்கே திரும்பி வந்துச்சு. ஏஜென்சிக்காரன் வந்தான், டீ குடுத்து அனுப்புனேன். அதுல சீனி கொஞ்சம் தாராளமாவே போட்டேன்.

அடுத்த ஆயுத பூசையும் அதே ஸ்டோர் வாசல்லதான். இஞ்சின் அண்ணன் சந்தனக் கிண்ணத்தோட காருகிட்ட வந்து, "தங்கச்சி, எங்க வெக்கட்டும்?"னு என்னையக் கேட்டாரு. ஸ்டீரிங்குக்கும் நாலு சில்லுக்கும் காட்டுனேன். போனெட் மூடியே இருந்துச்சு. அப்ப வீட்டுக்காரரு அந்தக் கிண்ணத்துல வெரல விட்டு, எல்லாருக்கும் முன்னால என் வலது கையப் புடிச்சு, உள்ளங்கையில ஒரு பொட்டு வெச்சாரு. "எங்க கராஜ்ல இருக்கிற ஆயுதம் இதுதான்"னாரு.

கம்பி சுத்திச் சுத்தி இந்த வெரலெல்லாம் இப்ப காய்ச்சுப் போச்சு. ஆனா இன்னைக்கும் ஒரு வேலை புடிபடாம மனசு சோர்ந்து போற நேரத்துல, உள்ளங்கைய விரிச்சு ஒருக்கா பாத்துக்குவேன், அந்தப் பொட்ட மட்டும் நான் இதுவரைக்கும் தொடைக்கவே இல்லைன்னு தோணும்.