டாக்டர் ஓட்டிய வண்டி

எங்கள் காரின் முன்னிருக்கையில் உட்கார்ந்தவர் தானாக வெளியே வர முடியாது. கதவின் உள்பக்கக் கைப்பிடி இழுத்த இழுப்புக்கு வரும், கதவு வராது. ஓட்டுகிறவர் இறங்கி, வண்டியின் முன்புறமாகச் சுற்றி வந்து, வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். அப்பா அதை ஒரு குறையாக எண்ணவில்லை. "பாப்பா தவறிக் கீழ வுழாம இருக்கும்ல" என்றார். அப்போது நான் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளை நிறச் சின்னக் கார். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, அங்கே ஒரு தரகர் மூலம் வாங்கியது. "டாக்டர் ஓட்டுன வண்டிங்க. வூட்ட வுட்டா ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரிய வுட்டா வூடு. வேற எங்கியும் போனதில்ல" என்று தரகர் சொன்னார். அப்பா டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார். ஹாரனை இரண்டு முறை அடித்துப் பார்த்தார். அதுவரை அவர் ஓட்டியிருந்தது டிராக்டர் மட்டுமே. சோதனையும் டிராக்டர் சோதனைதான். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் நின்றது. "பாருங்க, கம்மியும் இல்ல, ஜாஸ்தியும் இல்ல" என்று தரகர் அதையும் காட்டினார்.

சாவியை எடுத்த பிறகும் அந்த முள் நடுவிலேயே நிற்கிறது என்பதை வீட்டுக்கு வந்து நான்தான் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அந்த வண்டி எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

அம்மா வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. வார நாட்களில் அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலப் பஸ்ஸில் எங்கள் ஊருக்கு வருவாள். அந்த வருடம் கோடை விடுமுறை முடிந்து மலைக்குப் போனவள் இரண்டு வாரம் வந்தாள். பிறகு வரவில்லை. காரணம் பஸ். பஸ் நேரத்துக்கு வருவதில்லை. வந்தாலும் நிற்க இடமிருப்பதில்லை. அம்மா போனில் என்னிடம் அப்படிச் சொன்னாள். தெருவில் கேட்டவர்களிடம் அப்பாவும் அதையே சொன்னார். பள்ளிக்கூடத்தில் நானும் சொன்னேன். எங்கள் வீட்டில் மூன்று பேரும் ஒப்புக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான்.

அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் என் வழியாகப் பேசிக்கொண்டார்கள். "அப்பாவ சாப்புட வரச் சொல்லு" என்பாள் அம்மா, அப்பா நான்கடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போது. "கரும்புக்குத் தண்ணி கட்டப் போறேன்னு டீச்சர்கிட்ட சொல்லு" என்பார் அப்பா. ஊரே அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது, அப்பாவும் அப்படியே. எல்லா வீடுகளிலும் பிள்ளைகளுக்கு இந்த வேலை உண்டு என்று நினைத்திருந்தேன். அம்மா வராத வாரங்களில் எனக்கு அந்த வேலையும் இல்லை. வீட்டில் பேச்சு மிகவும் குறைந்துபோனது.

பஸ்தான் காரணம் என்றால் கார்தான் தீர்வு. அப்பா அப்படித்தான் கணக்குப் போட்டிருக்க வேண்டும். நானும் அப்படித்தான் போட்டேன்.

ஆவணிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்பட்டோம். நான் முன்னிருக்கையில். சீட் பெல்ட்டின் நாக்கு பூட்டில் மாட்டவில்லை. இரண்டு முறை அழுத்திப் பார்த்த அப்பா, அதை என் தொடைக்கு அடியில் செருகிவிட்டு, "இப்டியே உக்காந்துக்கோ, போலீஸு பாத்தா போட்ட மாதிரிதான் தெரியும்" என்றார். கச்சிராயபாளையம் வரை வண்டி நன்றாகவே ஓடியது. கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒரு வாசனை வந்தது. வெல்லம் அடிபிடிப்பது போன்ற வாசனை. பிறகு முன்பக்க மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஆவி. முள் நடுவில் நின்றது.

அப்பா வண்டியை ஓரம் கட்டி, வந்து என் கதவைத் திறந்துவிட்டு, ரேடியேட்டர் மூடியைச் சாக்கால் பிடித்துத் திருகினார். கொதிநீர் அவர் முழங்கைவரை தெறித்தது. சத்தம் போடவில்லை. குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் ஊற்றினோம். அடுத்த வளைவில் இருந்த ஓடையில் பாட்டில்களை மறுபடி நிரப்பிக்கொண்டோம். "டீச்சர்கிட்ட இத சொல்லிக்கினு இருக்காத" என்றார். நான் தலையாட்டினேன்.

அம்மா பையோடு தயாராக நின்றாள். இரண்டு நாள் ஊருக்கு வந்துபோவதாகப் போனில் ஒத்துக்கொண்டிருந்தாள். நான் பின்னிருக்கைக்கு மாறினேன். கடைத்தெருவில் கொய்யா வாங்க வேண்டும் என்று அம்மா என்னிடம் சொன்னாள். நான் அப்பாவிடம் சொன்னேன். வண்டி நின்ற வேகத்தில் அப்பா இறங்கி, சுற்றி ஓடி வந்து, அம்மா பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கொய்யாக் கூடைக்குப் பக்கத்தில் அம்மாவோடு வேலை பார்க்கும் இன்னொரு டீச்சர் நின்றிருந்தார்.

"இன்னா டீச்சர், சார் கதவெல்லாம் தொறந்து வுடுறாரு! எங்க வூட்டுக்காரரு பஸ்ல எனக்கு சீட்டு புடிக்கச் சொன்னா, தனக்குப் புடிச்சிக்கினு தூங்குவாரு."

அம்மா சிரித்தாள். அது அந்த டீச்சருக்கான சிரிப்பு அல்ல. வண்டிக்குத் திரும்பும்போது அப்பாவை ஒரு கணம் நேராகப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். கதவை மூடும்போது அவர் கை மெதுவாக இருந்தது. அந்தக் கதவு அறைந்தால்தான் மூடும். இரண்டாவது முறை அறைந்தார்.

ஏரிக்கரையிலிருந்து இறங்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு நியூட்ரலில் உருட்டிவிடுவது எங்கள் பக்கத்தில் புத்திசாலித்தனம் என்று பெயர் பெற்ற காரியம். டிராக்டர், பைக், எல்லாவற்றையும் அப்படித்தான் இறக்குவார்கள். மலை இறக்கம் முழுவதும் இன்ஜின் ஓய்வெடுத்தால் சூடு குறையும், அம்மா முன்னால் ஆவி வராது. முதல் வளைவைத் தாண்டியதும் அப்பா கியரை எடுத்தார். சாவியை ஒரு படி பின்னால் திருப்பினார். சட்டென்று அமைதி. காற்றும் டயர் உரசும் ஒலியும் மட்டும். பறப்பதுபோல இருந்தது. அம்மா ஒரு கொய்யாவைத் துடைத்து, பின்னால் திரும்பி என்னிடம் நீட்டினாள். இன்னொன்றைத் துடைத்து, என்னிடம் தராமல், அவளே அப்பா பக்கம் நீட்டினாள். அவர் இடக்கையால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

அணைந்த இன்ஜின் பிரேக்குக்கு உதவாது என்பது எங்கள் மூவருக்கும் தெரியாது. மிச்சமிருந்த பலத்தில் பிரேக் இரண்டு தடவை பிடித்தது. மூன்றாவது தடவை மிதி கல்லாகிவிட்டது. அப்பா இருக்கையிலிருந்து எழும்பி நின்று மிதித்தார். கைபிரேக்கை இழுத்தார், அது உயிரில்லாமல் மேலே வந்தது.

"நிறுத்துங்க" என்றாள் அம்மா. பிறகு சத்தமாக, "ஏங்க, நிறுத்துங்க."

வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் பாறை, அதன் அடியில் மழைநீர்க் கால்வாய். அப்பா இடது பக்கம் ஒடித்தார். வண்டி கால்வாயில் ஒரு சக்கரத்தை இறக்கி, பாறையை உரசிக்கொண்டே போய், ஒரு மண்மேட்டில் முட்டி நின்றது. பின்னாளில் நான் வேலை பார்த்த நாளிதழில் இப்படிப்பட்டவற்றை 'கட்டுப்பாட்டை இழந்த கார்' என்று எழுதுவோம். இரண்டு வரி, உயிரிழப்பு இல்லையென்றால் அதுவும் இல்லை. என் உதடு கிழிந்திருந்தது. அம்மாவின் நெற்றி முன்கண்ணாடியில் இடித்துப் புடைத்திருந்தது. பெல்ட் அவள் தொடைக்கு அடியில் இருந்தது.

அம்மா இறங்கப் பார்த்தாள். கைப்பிடியை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். பிறகு தோளால் இடித்தாள். கதவின் அடிப்பக்கம் மண்ணில் உரசியபடி இருந்தாலும் திறக்கும் அளவுக்கு இடம் இருந்தது. அப்பா சுற்றி வந்து, கால்வாயில் இறங்கி நின்று, வெளியிலிருந்து திறந்தார்.

அம்மா இறங்கவில்லை. கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள இருந்து தொறக்காதா?"

அப்பா கதவை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்தார்.

"அதான் ஓடி ஓடி வந்து தொறந்தீங்களா?"

அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வேன் ஒன்று இறக்கத்தில் வந்து நின்றது. நான்கு பேர் குதித்து, எண்ணிச் சொல்லி, காரை ஒரே தூக்கில் சாலைக்கு ஏற்றினார்கள். வேன் டிரைவர் குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். கியரைப் பார்த்தார். "நியூட்ரல்ல வந்தீங்களா சார்?"

"இன்ஜின் சூடா இருந்துச்சி" என்றார் அப்பா.

"இன்ஜின் ஆறட்டும்னு பாத்தீங்க. அந்தப் பக்கம் போயிருந்தா மூணு பேரும் சேந்து ஆறிப் போயிருப்பீங்க. ரெண்டாவது கியர்ல போட்டு உறுமிக்கினே எறங்குங்க. எறும்பு முந்துனாலும் வுடுங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். சற்று நேரத்தில் கீழேயிருந்து வெள்ளிமலைப் பஸ் ஏறி வந்தது. நேரத்துக்கு வந்தது. உட்கார இடமும் இருந்தது. அம்மா கை காட்டி நிறுத்தினாள். பின்னிருக்கையில் என் பக்கத்திலிருந்த பையை எடுத்துக்கொண்டாள். என் உதட்டைப் புடவைத் தலைப்பால் ஒற்றிவிட்டு, "வண்டிய சரி பண்ணச் சொல்லு. சரியானதும் வர்றேன்" என்றாள். அப்பா மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

நான் அவரிடம் சொன்னேன்.

அன்று முழுவதும் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்துவிட்டது. அடுத்த மூன்று சனிக்கிழமைகளையும் கள்ளக்குறிச்சியில் ஒரு பட்டறையில் கழித்தோம். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்; நான் பழைய டயரின் மேல். "டாக்டர் வண்டின்னு சொல்லிக் குடுத்தானா?" என்று மெக்கானிக் சிரித்தார். "எனக்கு வர்ற வண்டில பாதி டாக்டர் வண்டிதான். இத்தினி டாக்டருங்க இருந்தா இந்த ஊர்ல எவனுக்கும் சளி கூடப் புடிக்காது." அப்பா சிரிக்கவில்லை. முதல் வாரம் ரேடியேட்டர் குழாயும் முள்ளும். இரண்டாவது வாரம் பிரேக் கட்டைகள், கைபிரேக் கம்பி. மூன்றாவது வாரம் பெல்ட்டின் பூட்டு, கடைசியாகக் கதவு.

புதன்கிழமைதோறும் அம்மா போன் செய்வாள். வெள்ளிமலையில் சிக்னல் கிடைக்கும் மேட்டில் ஏறி நின்றுதான் பேசுவாள். காற்று இரைந்துகொண்டே இருக்கும். முடிந்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்வேன். "சரி" என்பாள். "உம்" என்பாள். கதவைப் பற்றிச் சொன்ன அன்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"உள்ள இருந்தே தொறக்குதும்மா. நான் பத்து தடவ தொறந்து பாத்துட்டேன். எல்லாம் ஆயிடுச்சி. இனிமே ஒண்ணுமே இல்ல. நீ எப்ப வர்ற?"

வெறும் காற்று இரைந்தது. லைன் போய்விட்டதோ என்று "அம்மா, அம்மா" என்றேன்.

"வைப்பர் ஓடுதா?" என்றாள்.

"பாக்கலியே."

"பாரு. ஐப்பசி பொறக்கப் போவுது. மலையில மழ புடிச்சா முன்னால ஒண்ணும் தெரியாது."

போனோடு ஓடினேன். சாவியைத் திருப்பி, வைப்பரைப் போட்டேன். ஓட்டுகிறவர் பக்கத்து வைப்பர் ஓடியது. இடது பக்கத்தது பாதி எழுந்து, உதறி, படுத்துக்கொண்டது.

"ஒண்ணு ஓடல" என்றேன். கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு.

"பாத்தியா" என்றாள் அம்மா. அவள் குரல் இளகியிருந்தது. அதன் பிறகு என்ன சாப்பிட்டேன், தலைக்கு எண்ணெய் வைக்கிறேனா, கணக்கில் எவ்வளவு மார்க் என்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். மாதக் கணக்கில் அவ்வளவு நீளமாக அவள் பேசியதில்லை. முடிக்கும்போது, "அப்பாகிட்ட சொல்லு. அவசரமில்ல, மெதுவாப் பண்ணட்டும்" என்றாள்.

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"டீச்சரே கேட்டாங்களா?"

"ஆமா. வைப்பர் ஓடுதான்னு கேட்டாங்க."

அவர் வண்டியைப் பார்த்தார். மாடு குடித்து முடித்துத் தலையை எடுத்துக்கொண்ட பிறகும் அங்கேயே நின்றார்.

"அது அப்டியே இருக்கட்டும்" என்றார்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தைச் சுற்றி எந்தக் கடையில் கேட்டாலும் வைப்பர் கிடைக்கும். மாட்டுவது கால் மணி நேர வேலை. மூன்று சனிக்கிழமை பட்டறையில் காத்துக் கிடந்தவர் இதற்கு மட்டும் போகவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் அம்மா, "வைப்பர் மாத்தியாச்சா?" என்று கேட்டாள். "இன்னும் இல்லம்மா" என்றேன். "சரி" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போனாள். ஐப்பசி மழையில் அப்பா என்னைக் காரில்தான் பள்ளிக்கூடத்தில் விட்டார். அவர் பக்கத்துக் கண்ணாடி தெளிவாக இருக்கும். என் பக்கத்தில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். எதிரே வருவது எதுவும் எனக்குத் தெரியாது. அப்பாவின் சோம்பேறித்தனத்தால்தான் அம்மா வரவில்லை என்று அப்போது நினைத்து, அந்த மழைக்காலம் முழுவதும் நான் அவரோடு சரியாகப் பேசவில்லை.