துபாய் டின்னில் வந்த ஆயில்

என்ஜின் ஆயிலை மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றும்போதெல்லாம் புது ஃபில்டர் போட வேண்டும். நைனாவின் டாக்சியோடு வந்த கையேட்டில் இப்படித்தான் இருந்தது. கையேடு ஆங்கிலம், நைனா ஐந்தாம் வகுப்பு. எனவே எங்கள் வீட்டில் நடைமுறையில் இருந்தது வேறு விதி. வண்டி எவ்வளவு ஓடியிருந்தாலும் ஆயுத பூஜைக்கு முதல் நாள்தான் ஆயில் மாறும். ஃபில்டர் மாறாது. அதை மண்ணெண்ணெயில் அலசி, வெயிலில் காயவைத்துத் திரும்ப மாட்டிவிடுவார். அந்த ஃபில்டருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

நான் எட்டாம் வகுப்பு படித்த ஆண்டு, ஆயுத பூஜை நெருங்கும்போது அம்மாவின் தம்பி துபாயிலிருந்து லீவில் வந்தார். துபாயிலிருந்து வருகிறவர்கள் டேப் ரெக்கார்டர் கொண்டுவருவார்கள், நைலக்ஸ் புடவை கொண்டுவருவார்கள். மாமா பெட்டியைத் திறந்து, லுங்கியில் சுற்றிய ஓர் ஆயில் டின்னை எடுத்து வைத்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் மட்டும் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

இது பூமியில் தோண்டி எடுத்த எண்ணெய் இல்லை, ஆராய்ச்சிக்கூடத்தில் செய்த எண்ணெய், பாலைவன வெயிலிலும் நீர்த்துப்போகாது என்றார் மாமா. செஞ்சியில் இதற்கு ஏஜென்சி எடுப்பது அவர் திட்டம். லாரிக்காரர்களிடம் பேசியும் விட்டார். முதலில் உன் மச்சான் வண்டியில் ஓடட்டும், பார்க்கலாம் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஓடினால் மாமா ஊரோடு இருந்துவிடுவார். ஓடாவிட்டால் மறுபடி துபாய். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் சிரிக்காமல் பதில் சொன்ன ஒரே பெரியவர் அவர். அவர் போகக்கூடாது என்பது என் கட்சி.

பூஜைக்கு முதல் நாள் டாக்சி ஸ்டாண்டே எங்கள் வண்டியைச் சுற்றி நின்றது. டின்னில் இருந்த ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. பம்பர்மேல் ஏறி நின்று, சட்டசபையில் பட்ஜெட் படிப்பதுபோல் படித்தேன். பாதி புரியவில்லை, அதனால் குரலை உயர்த்தினேன். மாமா டின்னைச் சாய்த்தார். தேன் நிறத்தில் இறங்கியது.

"இன்னா மச்சான், குலாப்ஜாமூன் ஜீராவா?" என்றார் பக்கத்து வண்டிக்காரர்.

மறுநாள் பூஜை முடிந்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, வல்லம் வழியாக மேல்சித்தாமூர் வரை எல்லோரும் போய்வந்தோம். பின் சீட்டில் ஆறு பேர். திரும்பும்போது நைனா சொன்னார்: "சத்தமே காணோம். ஓடுதா நிக்குதான்னே தெரியல." அவர் வாயால் மாமாவுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது, இடமில்லை.

பத்தாம் நாள் நைனா ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். கறுப்பு. கண்மைபோல் கறுப்பு. துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். அப்போதும் கறுப்பு. ஸ்டாண்டில் ஒவ்வொருவராக வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

"நம்மூரு ஆயிலே ரெண்டு மாசம் செவப்பா நிக்கும். உன்னுது பத்து நாள்ல தாரா பூட்ச்சே மச்சான். எவனோ நல்லா உன் தலையில கட்டிட்டான்," என்றார் பக்கத்து வண்டிக்காரர்.

"இல்ல மச்சான், அதுக்கு இன்னாமோ காரணம் இருக்குது," என்றார் மாமா நைனாவிடம். காரணம் அவருக்கும் தெரியாது. துபாயில் அவர் பார்த்ததெல்லாம் புதுக் கார்கள்.

அன்று மாலையே அதை வடித்துக் கொட்டிவிட்டு, பழையபடி உள்ளூர் ஆயிலையே வாங்கி ஊற்றினார் நைனா. லாரிக்காரர்களுக்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. டின்னில் இருந்த முகவரிக்கு, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஆங்கிலத்தில் புகார் எழுதினேன். தங்கள் ஆயில் கறுத்துவிட்டது, காரணம் தெரிவிக்கவும், வேறு நல்ல டின் அனுப்பவும். வெளிநாட்டுக்கு அனுப்பும் அந்த ஏரோகிராம் தாளை மடித்து ஒட்டி, நானே தபாலில் சேர்த்துவிட்டு, மாமாவிடம் மட்டும் சொன்னேன். பதில் வரும்வரை இருக்கச் சொன்னேன்.

"லீவு முடியறதுக்குத் தேதி இருக்குது பாப்பா. பதிலுக்கு இல்லியே."

ஆனாலும் தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றார். நவம்பர் கடைசியில் மெட்ராஸ் பஸ் ஏறினார். அதன்பிறகு எட்டு வருஷம் அங்கேதான்.

பதில் வந்தபோது அகராதியை வைத்துக்கொண்டு தனியாகப் படித்தேன். பழைய என்ஜினில் வருஷக்கணக்காக ஒட்டியிருக்கும் கசடை இந்த ஆயில் கரைத்துத் தன்னில் இழுத்துக்கொள்ளும். கறுப்பது குறையல்ல, அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். புது ஃபில்டர் போட்டு, முதல் தடவை மட்டும் சீக்கிரமாக மாற்றிவிட்டால் பிறகு நெடுநாள் தாங்கும் என்று எழுதியிருந்தார்கள். கேட்ட டின்னை அனுப்பாமல் எங்கள் என்ஜின் அழுக்கு என்கிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. நைனாவை அவமதித்துவிட்டதாகவே முடிவு செய்தேன். கடிதத்தை உறையோடு அட்லஸ் அட்டைக்குள் செருகிவிட்டு, யாரிடமும் சொல்லவில்லை.

அது மாமாவை விடுவிக்கும் தீர்ப்பு என்பதும், பம்பர்மேல் ஏறி ஸ்டாண்டுக்கே படித்துக் காட்டியிருக்க வேண்டியது அதைத்தான் என்பதும், அரசு ஜீப்புகளுக்கு ஆயில் மாற்ற அனுமதி எழுதும் நாற்காலியில் நான் உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது. அட்லஸைத் தேடி எடுத்தேன். தாமதம் எந்த மேஜையில் என்று பார்ப்பது தொழில் பழக்கம். கம்பெனியின் தாமதம் மூன்று மாதம்; என்னுடையது இருபத்திரண்டு ஆண்டு. உறையின் பின்புறம் செஞ்சி தபால் முத்திரை இன்னும் தெளிவாக இருந்தது: 1983, பிப்ரவரி 2.