எண்ணெய்க் கொட்டகையின் இரண்டு பூட்டுகள்

சீனிவாசகம் கணக்குப் போட்டால் இஞ்சின் மூடிமேல்தான் போடுவார். சாக்கட்டி தேய்ந்து விரல் இரும்பில் உரசும்வரை எழுதுவார். பிறகு எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவார். மலாயாவில் சுங்கை பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்து ரப்பர் ஆலையில் இஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவர், பினாங்குக்குப் போய்ப் பரீட்சை எழுதி, கடல் இஞ்சின் ஓட்டும் சான்றிதழோடு தஞ்சோங் டாவாய் மீன்பிடித் துறைக்கு வந்தார். கவுஸ் முதலாளியின் கருவாட்டுப் படகில் வேலை கிடைத்தது.

பரீட்சைக்குப் படித்ததில் அவர் மனதில் ஆணியடித்தாற்போல் நின்றது எண்ணெய்க் கணக்கு. ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு அரை ராத்தல் எண்ணெய். இருபது குதிரைசக்தி என்றால் பத்து ராத்தல். கேலன் ஒன்றுக்கு எட்டரை ராத்தல். பினாங்குக்குப் போய்த் திரும்ப எட்டு மணி நேரம். ஆக, ஒன்பதரை கேலன் போகும். அந்தப் படகில் ஏறிய நாள் முதல் இந்தக் கணக்கு அவரை ஏமாற்றியதில்லை.

வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தின் நான்காம் ஆண்டில் ஏமாற்றியது. பதினைந்து கேலன் ஊற்றியதாக முதலாளி சொல்வார். திரும்பி வந்து, சரக்கை இறக்கி, தொட்டியில் கோல் விட்டுப் பார்த்தால் ஐந்தரை மிஞ்ச வேண்டும். இரண்டுதான் மிஞ்சியது. அடுத்த பயணமும் அப்படியே.

காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியும் மருந்தும் எண்ணெயும் போகக்கூடாதென்று சட்டம் இருந்த காலம். ஒரு டின் எண்ணெய் வழிதவறினால் ஆள் தடுப்பு முகாமுக்குப் போக வேண்டியதுதான்.

சீனிவாசகத்துக்கு முதலாளிமேல் சந்தேகம் விழுந்தது. விடியும் முன்பே எண்ணெய் ஊற்றி, அதன் மேல் கருவாட்டு மூட்டைகளை அடுக்கிவிடுவது முதலாளியின் ஆட்கள். இவர் வரும்போது தொட்டிக்குக் கோல் எட்டாது. வாரந்தோறும் முதலாளியின் லாரி பாலிங் பக்கம் போகிறது. அங்கேதான் காடு. இதை நினைத்த பிறகு, முதலாளி சும்மா தாடியைத் தடவினாலும் அதில் ஏதோ இருப்பதாகத் தோன்றியது.

ஒருநாள் முதலாளியின் கடையில் வைத்துக் கேட்டே விட்டார். "எண்ணெ ஊத்தறப்ப நானும் நிக்கட்டுமா முதலாளி?"

"என்ன தம்பி, எனக்கே காவலா?"

"அதுக்கில்ல. கணக்கு இடிக்குது."

"எனக்குந்தான் இடிக்குது லா. ஊத்தறது நானு. ஓட்டறது நீயி. நடுவுல கடல்ல யாரு பார்த்தா?" என்றார் கவுஸ். சற்று நிறுத்தி, "உன் தம்பி ராஜு பாலிங்ல எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

ராஜு தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவன். முகாமில் கிடந்து வெளியே வந்தவன். இப்போது அரசாங்கம் போட்ட முள்வேலிக் கிராமத்துக்குள் குடிவைக்கப்பட்டிருப்பவன். தான் முதலாளியைச் சந்தேகித்த அதே நாட்களில் முதலாளி தன்னைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் சீனிவாசகத்துக்கு உறைத்தது.

வீட்டில் மனைவி உமையாள் சோறு போட்டுவிட்டுக் கேட்டாள். "அவரு எடுக்கலன்னா?"

"அப்ப நான்தான் எடுத்தேன்னு ஆவும்."

"நீங்க எடுத்தீங்களா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கடையில் பேசிய பேச்சு காற்றில் போகாமல் இருக்குமா? டிடெக்டிவ் பழனியாண்டி படகுத்துறைக்கே வந்துவிட்டார். சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார். "வாத்தியாரே, நீங்க பெரிய கணக்குப் புலியாமே. நாளைக்கு ஸ்டேசனுக்கு வந்து ஒரு கணக்குச் சொல்லுங்க. எண்ணெ எங்க போவுது? நீங்க சொல்லலன்னா முதலாளி சொல்லுவாரு. யாரு முந்திச் சொல்றாங்களோ, அவங்க வீட்டுக்குப் போகலாம்."

அன்று பினாங்கிலிருந்து திரும்பும்போது சீனிவாசகம் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். முதலாளி பெயரைச் சொல்லிவிடுவது. உமையாளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மெர்போக் ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே படகு திடீரென்று திணறி நின்றது. அறுந்த வலைக்கயிறு ஒன்று படகின் அடியில் சுழலி விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு நீரில் இறங்கினார். கயிற்றை அறுத்துவிட்டு, அலை தள்ளியதால் படகின் அடிப்பலகையில் கையை ஊன்றினார். உள்ளங்கை கிழிந்தது.

கை வைத்த இடமெல்லாம் கொட்டலசு. சுண்ணாம்புக் கூடு கட்டி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும் அந்தச் சனியன், படகின் வயிறு முழுவதும் விரற்கடை தடிமனில் அப்பிக்கிடந்தது.

முன்பெல்லாம் கடல் வற்றும் நேரத்தில் படகைக் கரையேற்றி, காய்ந்த தென்னை ஓலையைக் கொளுத்தி அடிப்பலகையைச் சுட்டெடுப்பார்கள். கரையில் நெருப்பு தெரிந்தால் காட்டுக்காரனுக்குச் சைகை என்று அதைத் தடை செய்ததிலிருந்து எந்தப் படகையும் யாரும் சுடவில்லை. அடி சொரசொரத்துப் போன படகு மெதுவாகத்தான் போகும். ஆனால் ஊரடங்குக்கு முன் முகத்துவாரத்துக்குள் நுழைந்தாக வேண்டும். அதனால் பயணத்துக்குப் பயணம் விசையைக் கொஞ்சம் கூட்டிக் கூட்டி வைத்தது வேறு யாருமில்லை, அவர் கைதான். புகை கறுத்தது, குழாயைத் துடைத்தார். இஞ்சின் இருபதைத் தாண்டி உழைத்துக்கொண்டிருந்தது. மூடிமேல் எழுதிய கணக்கில் மட்டும் இருபது குதிரைசக்தி அசையாமல் நின்றது.

இரத்தம் சொட்டும் கையோடு நேரே முதலாளியின் கடைக்குப் போனார்.

"யாரு வெட்டுனது?" கவுஸ் பதறி எழுந்தார்.

"உங்க படகு."

கொட்டலசு கதையைச் சொல்லி முடித்ததும், கவுஸ் துணி ஒன்றைக் கிழித்து அவர் கையைக் கட்டினார். பிறகு, "நாளைக்கு உன் பேரச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றார்.

"நானும்தான் முதலாளி."

மறுநாள் இருவரும் சேர்ந்தே போனார்கள். பழனியாண்டி வாய்விட்டுச் சிரித்தார். "சிப்பி எண்ணெ குடிக்குதுன்னு சொல்றீங்க? கள்ளு எதுவும் குடிக்குதான்னு பார்த்தீங்களா?"

"படகச் சுட விடுங்க. அப்புறம் ஒரு தடவ ஓட்டிப் பார்ப்போம். குறையலன்னா ரெண்டு பேரையும் முகாமுக்கு ஏத்துங்க" என்றார் சீனிவாசகம்.

பட்டப்பகலில், துப்பாக்கியோடு இரண்டு மாத்தா போலீஸ்காரர்கள் நிற்க, படகின் அடியைச் சுட்டார்கள். கருகிய கொட்டலசு கரையெல்லாம் நாறியது. அடுத்த பயணத்துக்கு எண்ணெயை எல்லார் கண் முன்னாலும் அளந்து ஊற்றினார்கள். திரும்பி வந்ததும் கோலைப் பழனியாண்டியே விட்டுப் பார்த்தார். போனது பத்து கேலன்.

"சரி, போங்க" என்றார்.

ஒன்பதரை அல்ல, பத்து. அந்த அரை கேலனைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை. இஞ்சின் தேய்ந்திருக்கலாம். அலை எதிர்த்திருக்கலாம். எல்லார் கண் முன்னாலும் ஊற்றிய எண்ணெயில் திருட்டுக்கு இடமில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த வாரமே எண்ணெய்க் கொட்டகைக்கு இரண்டு பூட்டுகள் வந்தன. ஒரு சாவி கவுஸிடம், ஒன்று சீனிவாசகத்தின் அரைஞாண் கயிற்றில். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். யார் முதலில் கேட்டது என்று யாரும் சொன்னதில்லை. எட்டு ஆண்டுகள் ஒவ்வொரு பயணத்துக்கும் சேர்ந்தே திறந்தார்கள், சேர்ந்தே பூட்டினார்கள். பெருநாள் சாப்பாடு இவர் வீட்டுக்கு வந்தது. தீபாவளிப் பலகாரம் அவர் கடைக்குப் போனது. பூட்டுகள் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தன.

அவசரகாலம் முடியவிருந்த ஆண்டில், மார்வலி கண்டு, இஞ்சின் பக்கத்திலேயே சீனிவாசகம் சாய்ந்தார். காரியம் முடிந்த பிறகு கவுஸ் வந்தார். கண் சிவந்திருந்தது. நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

"உமையாளு, அந்தச் சாவி..."

"கொட்டக திறக்கணுமாண்ணே?"

"படகு நாளைக்குப் போவணும்மா."

உமையாள் உள்ளே போனாள். சாவியோடு வந்தாள். நீட்டிய அவர் கையில் அதை வைக்கவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு செருப்பை மாட்டினாள்.

"வாங்கண்ணே. நானே வந்து திறந்து விடறேன்."