சொட்டுக்கணக்கு சிஸ்டர்

ஜனவரி 1: ஒரு தடவைக்கு 1,850.
ஜூலை 1: ஓர் ஆளுக்கு, ஒரு மாதத்துக்கு 21,000.
ஆகஸ்ட் 18: பிடித்தம் 5,000.
செப்டம்பர் 8: பிடித்தம் 5,000.

எடைமேடையில் எண் நிலைப்பதற்கு முன்பே சிஸ்டரின் வாய் திறந்துவிடும். "ரெண்டு நாள்ல மூணு கிலோ! குடிச்சது டம்ளர்லயா, குடத்துலயா?" அடுத்தவர் தயங்கித் தயங்கி ஏறுவார். "வாங்க தம்பி, உங்க வீட்டுக் குழாயில இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கா?" சிறுநீரகம் நின்றுபோனவர்களுக்குக் குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். ஏறிய எடையைப் பார்த்துத்தான் மெஷின் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று சிஸ்டர் முடிவு செய்வார். எட்டு மெஷின் உள்ள அந்த டயாலிசிஸ் நிலையத்தில் அவருக்குச் 'சொட்டுக்கணக்கு' என்று பெயர். வைத்தவர்கள் நோயாளிகள். அது அவருக்கும் தெரியும்.

அவரும் பெயர் வைப்பதில் சளைத்தவர் அல்ல. மூன்றாம் மெஷின் 'மாமியார்', ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தும். நோயாளிகள் பார்க்க அவர் ஒருநாளும் தண்ணீர் குடித்ததில்லை. தாகம் எடுத்தால் போர்வை அலமாரிக்குப் பின்னால் போய், சத்தம் வராமல் இரண்டு மிடறு விழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டுதான் வருவார்.

மேலே உள்ள முதல் இரண்டு வரிகள் அரசுக் காப்பீடு நிலையத்துக்குக் கொடுக்கும் தொகை. ஜூலையில் தடவைக் கணக்கு போய் மாதக் கணக்கு வந்தது. எத்தனை தடவை மெஷினில் வைத்தாலும் தொகை அதேதான். நோயாளி நீர் தேங்கி மூச்சுத்திணறிப் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் அதிலும் பிடித்தம். இரண்டு பிடித்தமும் ஒரே ஆளால் வந்தவை. அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்.

தலைமை அலுவலகத்து மேனேஜர் போனில் பேசினார். "அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கே மாத்திடுங்க சிஸ்டர்."

"ரெண்டு பஸ் மாறணும் சார். வாரம் மூணு தடவை அவரால முடியாது. வீட்டோட படுத்துடுவார்."

"அது நம்ம கணக்குல வராதே."

சிஸ்டருக்குச் சுருக்கென்றது. கெஞ்சிக் கூத்தாடி அக்டோபர் முடியத் தவணை வாங்கினார். இன்னொரு பிடித்தம் வந்தால் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார் மேனேஜர்.

மறுமுறை டிரைவர் வந்தபோது ஏறிய எடை ஒன்றரைக் கிலோதான். திட்ட வழியில்லை. ஆனாலும் சிஸ்டர் குனிந்து, அவர் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மாவில் அழுத்தியதுபோல் பள்ளம் விழுந்தது, மேலே எழும்பவில்லை. நிமிர்ந்தவர் கண்ணில் டிரைவரின் வலக்கை பட்டது. அது ஜன்னல் விளிம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"கையை எடுங்க அண்ணே."

எடுத்தார். எண் விறுவிறுவென்று ஏறியது; ஏறிய எடை மூன்று கிலோவைத் தாண்டி நின்றது.

"எத்தனை நாளா இந்த வேலை?"

"வந்ததும் எடை பார்க்கும்போதும் சாய்வேன், மெஷின் முடிஞ்சு பார்க்கும்போதும் சாய்வேன். நீ திட்டுவேன்னுதான் தாயே. முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், செக்கிங் இன்ஸ்பெக்டருக்குக்கூட பயந்ததில்லை."

வாசலில் நின்ற அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "வீட்ல என் பேச்சுக்கு அசையாத மனுஷன், உனக்குப் பயந்து சாகப் பார்த்திருக்காரே!"

"அவரைச் சொல்லாதீங்க அண்ணி," என்றார் சிஸ்டர்.

அன்று மத்தியானமே துப்புரவுப் பணியாளரும் அவரும் எடைமேடையை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டார்கள். சுவரும் எட்டாது, ஜன்னலும் எட்டாது. "இனிமே யாரையும் திட்டமாட்டேன். எவ்வளவு வேணா ஏத்திட்டு வாங்க, எண் மட்டும் நிஜமா இருக்கட்டும்," என்று அறிவித்தார். ஒருவரும் நம்பவில்லை. முதல் வாரம் நாலு கிலோ ஏறியதைப் பார்த்தும் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றபோது, "சிஸ்டருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று படுக்கைக்குப் படுக்கை விசாரித்தார்கள்.

தேங்கிய நீரை இறக்க டிரைவருக்குத் திங்கள்கிழமைகளில் கூடுதலாக ஒரு தடவை போட்டார். காசு வராத தடவை. மேனேஜர் விடுவாரா?

"இதுக்கு யாரும்மா பணம் தருவா?"

"யாரும் தரமாட்டாங்க சார். ஊசியும் குழாயும்தான் செலவு. அவர் அங்க போய்ப் படுத்தா ஐயாயிரம். நீங்களே கூட்டிக் கழிச்சுப் பாருங்க."

அக்டோபர் முழுக்க, அதிகாலையில் போன் அடித்தால் சிஸ்டர் முதல் மணியிலேயே எடுத்துவிடுவார். ஒரு தடவை பால்காரர், ஒரு தடவை தங்கை. டிரைவர் வீட்டிலிருந்து போன் வரவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது டிரைவர் படுக்கையில் ஏறிவிட்டிருந்தார். நோயாளியின் இடமாற்றம் கைவிடப்படுகிறது என்று ஒற்றை வரிதான் இருந்தது. சிஸ்டர் அதை நின்றபடியே இரண்டு தரம் படித்தார்.

"என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தப் போறதாப் பேசிக்கிட்டாங்களே. என்ன தாயே, நான் போகணுமா?"

"பேசாம கையை நீட்டுங்க."

ஊசி போடுவதற்கு முன், அதற்காகவே இரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருக்கும் முழங்கை மடிப்பில் இரத்தம் ஓடும் அதிர்வைத் தொட்டுப் பார்ப்பது வழக்கம். ஒரு நொடி வேலை. சிஸ்டர் உள்ளங்கையை அங்கே வைத்தவர், 'மாமியார்' கத்தத் தொடங்கிய பிறகும் எடுக்கவில்லை. அன்று நவம்பர் 4, செவ்வாய்க்கிழமை.