கரி பட்ட ஓட்டு

என்னைத் தொழிற்சங்கத்தின் துணைத் தலைவராகப் போட்டபோது யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. அம்பத்தூரில் பம்பு செட் செய்யும் ஒரு தொழிற்சாலையில், மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தேன். அந்தப் பிரிவில் எல்லோரும் பெண்கள். சங்கத்துக்கு எங்கள் சந்தா வேண்டும், மேடையில் ஒரு புடவை தெரிய வேண்டும். அதற்காக நான். கூட்டம் நடந்தால் எனக்கு ஒரு மாலை, ஒரு நாற்காலி, ஒரு சோடா. பேசுவதற்கு எழுந்தால் நேரமாகிவிட்டது என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று அவர்கள் விசாரிக்காமல் விட்டது என் குற்றமா?

ஆனால் சங்கத்தின் விதிகளில் துணைத் தலைவருக்கென்று ஒரே ஒரு வேலை இருந்தது. தலைவர் பதவிக்குப் போட்டி வந்தால், ஓட்டு எண்ணும்போது துணைத் தலைவர்தான் நாற்காலியில் உட்கார வேண்டும். எல்லோர் முன்னாலும் பெட்டிகளைத் திறந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க வேண்டும். அதுவரை போட்டியே வந்ததில்லை. அதனால் அந்த விதியை யாரும் சீண்டவில்லை.

அந்த வருடம் போட்டி வந்தது. எங்கள் தலைவர் மெஷின் ஷாப்பில் மூத்தவர், வானகரம் பக்கத்தில் நிலபுலம் உள்ள பழைய விவசாயக் குடும்பம். நல்லவர்தான். என் முதல் பிரசவத்தின்போது வேலை போகாமல் காப்பாற்றிக் கொடுத்தவர் அவர். அவரை எதிர்த்து நின்றவர் பவுண்டரியில், அதாவது வார்ப்புப் பிரிவில், இரும்பு ஊற்றுகிறவர், பருத்திப்பட்டு ஏரிப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பாவும், பவுண்டரியில் இருந்த பலருடைய அப்பாக்களும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். பவுண்டரிக்காரர்கள் கேட்டதெல்லாம் ஒரு குழாய், குளிக்க ஒரு மறைப்பு. வார்ப்பு மண்ணில் கரித்தூள் கலந்திருக்கும். அந்தக் கரியோடுதான் வேலை முடிந்து கிளம்புவார்கள். பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். குழாய் பற்றிக் கேட்டபோதெல்லாம் தலைவர் அடுத்த பேச்சுவார்த்தையில் பார்க்கலாம் என்றார். பார்க்கவே இல்லை.

ஆயுத பூஜையன்று தேர்தல் வைப்பது எங்கள் வழக்கம். எல்லா ஷிப்டும் ஒன்றாக வரும் நாள் அது ஒன்றுதான். மெஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, பொரியும் கடலையும் மென்றபடி வரிசையில் நின்று ஓட்டுப் போடுவோம். ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பெட்டி. அந்த வருடம் பவுண்டரிக்கு மட்டும் பூஜை இல்லை. அவசர ஆர்டர் என்று நிர்வாகம் உலையைப் பற்றவைத்துவிட்டது. உருகிய இரும்பை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. கடைசி வார்ப்பை ஊற்றி முடித்து, பெட்டி மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று ஓடி வந்தார்கள். கை கழுவிவிட்டு வந்திருக்கலாம்தான், குழாய் இருந்திருந்தால்.

சாப்பாட்டுக் கூடத்தில் எனக்கு நாற்காலி போட்டார்கள். தலைவருக்குச் சாவிச் சின்னம், பவுண்டரிக்காரருக்குக் குடை. மற்றப் பெட்டிகளைப் படித்து முடித்தபோது சாவி நன்றாக முன்னால் நின்றது. பவுண்டரிப் பெட்டியைத் திறந்து முதல் சீட்டை எடுத்தேன். குடைக்கு நேராகப் பெருக்கல் குறி, ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கரி. அடுத்த சீட்டிலும் கரி. அதற்கடுத்ததிலும்.

தலைவர் எழுந்துவிட்டார்.

"நிறுத்தும்மா. பெருக்கல் குறி தவிர வேற அடையாளம் இருந்தா செல்லாதுன்னு ரூல் கீது. இந்தப் பொட்டி முழுக்க அடையாளம்தான். செல்லாதுன்னு சொல்லிட்டு எழுந்துரு."

"யாரு சொல்லணும்?"

"நீதான். நாற்காலில குந்திகினு கீறது நீதானே? உனக்குத்தான் அதிகாரம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாலை போட்டபோது இல்லாத அதிகாரம், பேச எழுந்தபோது இல்லாத அதிகாரம், இவருக்கு வேண்டாத ஓட்டைத் தள்ளுகிற நேரத்தில் மட்டும் எங்கிருந்து முளைத்தது?

 பவுண்டரிக்காரர்கள் சிலர் கைகளைப் பின்னால் கட்டி மறைத்துக்கொண்டார்கள்.  அவர்களில் போட்டியிட்டவர் மட்டும் முன்னால் வந்தார்.

"யக்கா, பஸ்ல எங்களப் பாத்து ஒதுங்கறாங்க. பொறுத்துகினோம். இங்கயுமா?"

 எண்ணி வைத்த மெஷின் ஷாப் கட்டைப் பிரித்து, மேலாக இருந்த சீட்டைத் தலைவர் முன்னால் தூக்கிக் காட்டினேன்.

"இது இன்னா, அண்ணாத்தே?"

"அது குங்குமம்மா. பூஜை முடிச்சிட்டு வந்த கை."

"அந்தப் பொட்டில கீறது இரும்பு ஊத்திட்டு வந்த கை. கரி அடையாளம்னா, குங்குமம் அடையாளம் இல்லியா? தள்ற அதிகாரம் எனக்கு கீதுன்னா ரெண்டையும் தள்றதுக்குத்தான் கீது. உங்க கட்டுல பாதி செவப்பாத்தான் கீது. இன்னா, தள்ளட்டுமா?"

கூடத்தின் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைவர் என் பக்கமாகக் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

"உன்ன இதுல குந்த வெச்சதே நான்தான். நான் போனா நீயும் போயிடுவே. பாத்துக்க."

அவர் ரகசியமாகப் பேசினால் நானும் ரகசியமாகப் பேச வேண்டுமா? கடைசி வரிசைவரை கேட்கட்டும் என்றே சொன்னேன்.

"குந்த வெச்சது நீங்கதான், இல்லேன்னு சொல்லல. பொட்டிய தெறக்கறது என் வேலை, உள்ள இன்னா கீதோ அத்தப் படிக்கறது என் வேலை. எது வேணும் எது வேணாம்னு பொறுக்கறது என் வேலை இல்ல. எனக்கு மட்டும் இல்ல, இங்க குந்தற யாருக்கும் இல்ல."

படிக்க ஆரம்பித்தேன். குடை, குடை, சாவி, மறுபடியும் குடை.  கரி என் விரல்களிலும் ஏறிக்கொண்டது. கடைசிச் சீட்டையும் படித்து முடித்தபோது சொற்ப ஓட்டு வித்தியாசத்தில் குடை ஜெயித்திருந்தது. முடிவை நானே அறிவித்தேன்.

பிறகு பவுண்டரிக்குக் குழாய் வந்துவிட்டது. நானே போய்த் திறந்து பார்த்தேன், தண்ணீர் கொட்டியது. அடுத்த தேர்தலில் என் பெயரை ஒருவரும் முன்மொழியவில்லை. இந்தப் பக்கத்துக்கும் சரி, அந்தப் பக்கத்துக்கும் சரி, சொன்னதைக் கேட்காத ஒருத்தி அந்த நாற்காலியில் உட்காருவது பிடிக்கவில்லை. போகட்டும். எனக்கு அந்த சோடாவும் வேண்டாம், மாலையும் வேண்டாம்.

ஓட்டு எண்ணிய அன்று மாலை நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. காயில் பிரிவில் என் தோழிகளே நன்றி கெட்டவள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு வந்தேன். தலைவர் சைக்கிளைப் பிடித்தபடி எனக்காகவே நின்றிருந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"கூடவே இருந்துகினு குழி பறிச்சிட்டே இல்ல? உன் வேலைய காப்பாத்திக் குடுத்தேனே, அதுக்கு இதானா? உன்னாலதாம்மா தோத்தேன்."

 நான் தலையைக் குனியவில்லை.

"எனக்குன்னு இருந்தது ஒரே ஒரு ஓட்டு, அண்ணாத்தே. அத்த உங்களுக்குத்தான் போட்டேன்."