சுவரைப் பார்த்து நின்ற பக்கம்

என் மேசைமேல் ஒரு பந்தயக் கார் நிற்கிறது. ஒரு சாணுக்கு நாலு விரல் கூடுதலான நீளம், சிவப்பு நிறம், மூடாத நாலு சக்கரம். இடது பக்கத்தில் எட்டு என்ற எண்ணும், அதை ஒட்டி ‘ரேசிங்’ என்று ஆங்கிலத்தில் ஆறு எழுத்தும். வலது பக்கத்திலும் அதே எட்டு, அதே ஆறு எழுத்து. ஆனால் அந்தப் பக்கத்து எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி நிற்கும். அறைக்கு வருகிறவர்கள் காரைக் கையில் எடுக்கிறார்கள், வியக்கிறார்கள், திருப்பிப் பார்த்ததும் சிரித்துவிடுகிறார்கள். ஐந்து வருடமாக அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது பழகவில்லை. பழகவும் விடமாட்டேன்.

அதைச் செய்தவர் என் அத்தை, அப்பாவின் தங்கை. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர். பள்ளிக்கூடத்தின் உள்ளே கால் வைத்ததில்லை. எங்கள் குடும்பத்தில் அப்படிக் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அத்தைக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. மாமா கள்ளக்குறிச்சியில் ஒரு லாரி டயர் கடையில் வேலை பார்த்தார். ஒரு பொங்கலுக்கு அந்தக் கடைக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அதில் இந்தக் கார் இடது பக்கம் தெரிய நின்றது. மூலையில் தபால்தலை அளவுக்கு அதன் முன்பக்கப் படம். வருடம் முடிந்து தேதித் தாளெல்லாம் கிழிந்த பிறகும் அத்தை அந்த அட்டையைக் கழற்றவில்லை. சர்க்கரை ஆலை நின்று வெட்டு வேலை இல்லாமல் போகிற மாதங்களில் அதன் எதிரே உட்கார்ந்திருப்பார். ஒருநாள், போர்வெல் போட்டவர்கள் எறிந்துவிட்டுப் போன பிளாஸ்டிக் குழாய்த் துண்டை எடுத்துவந்தார். நீளவாக்கில் அறுத்தார், அடுப்பனலில் வாட்டினார், அம்மிக்கல்லை ஏற்றி அழுத்தித் தகடாக்கினார். அதுதான் ஆரம்பம்.

ஊரில் அதற்குப் பெயர் பொம்மை விளையாட்டு. ஆண்கள் நாள் முழுக்கச் சீட்டாடினால் பொழுதுபோக்கு, நாற்பதை நெருங்கும் பெண் ஒரு காரைச் செதுக்கினால் புத்தி பேதலிப்பு. பிள்ளை இல்லாததால்தான் இப்படி என்று வைத்தியம் சொன்னவர்களும் உண்டு. எதிர்வீட்டுக்காரி நேராகவே கேட்டாள், பிள்ளை இல்லாத வூட்டுக்குக் காரு இன்னாத்துக்கு என்று. அத்தை உப்புத்தாளை நிறுத்தாமலே பதில் சொன்னார். “ஒரு சீட்டுதான் கீது. நீ ஏறுனா நவுராது.”

காரின் அளவை அவர் எப்படிப் பிடித்தார் என்பதை நான் டிப்ளமோ படித்து முடித்த பிறகுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். படத்தில் ஓட்டுநரின் தலைக்கவசம் மட்டும் தெரியும். மனிதத் தலை எவ்வளவு இருக்கும் என்று அத்தைக்குத் தெரியும். அதனால் தலையையே அளவுகோலாக வைத்துக்கொண்டார். தென்னங்குச்சியில் தலையின் உயரத்தைக் குறித்து, அந்தக் குச்சியைப் படத்தின்மேல் நகர்த்தி எண்ணினார். சக்கரம் இரண்டரைத் தலை, காரின் நீளம் பதினெட்டுத் தலை. பிறகு ஒரு தலைக்குத் தன் கட்டைவிரல் நகத்தின் அகலம் என்று வைத்துச் செய்யத் தொடங்கினார். டயர்கள் மாமாவின் கடையில் கிடந்த நிஜ லாரி ரப்பரில் செதுக்கியவை. மேசை விசிறியின் மோட்டாரில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளால் உருட்டியவை. சக்கரத்தை உடம்போடு இணைக்கும் கம்பிகள் சைக்கிள் சக்கரத்திலிருந்து வந்தன. காற்று புகும் வாய்க்கு டீ வடிகட்டியின் வலை. இருக்கை வார் பழைய புடவை ஓரம். பக்கக் கண்ணாடிகள், மாமாவின் மாத்திரை அட்டையிலிருந்து உரித்த வெள்ளித்தாள்.

இடது பக்கம் பார்த்துச் செய்தது. வலது பக்கத்துக்குப் படமே இல்லை. அதை அத்தை யோசித்தே செய்தார். மாட்டுக்கு ஒரு காது இந்தப் பக்கம் இருந்தால் இன்னொரு காது அந்தப் பக்கம் இருக்கும், கார் மட்டும் என்ன என்பது அவருடைய கணக்கு. கண்ணாடி, காற்றுவாய், கம்பியின் சாய்வு, ஆணித்தலைகளின் வரிசை, எல்லாவற்றையும் திருப்பி வைத்தார். கடைசியில் எழுத்துகளையும் திருப்பினார்.

நான் கடைசி ஆண்டு படிக்கும்போது எங்கள் கல்லூரியில் மாதிரிகள் கண்காட்சி நடந்தது. மாணவர்களின் வீட்டார் செய்தவற்றையும் வைக்கலாம் என்றார்கள். அத்தையிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “என் பேர எழுதி வெப்பாங்களா?” வைப்பார்கள் என்றேன். மாமா போன பிறகு அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. வயலில் அவர் ‘அந்தப் பொம்பள’, ஊரில் ‘டயர் கடைக்காரன் பொண்டாட்டி’, எங்கள் வீட்டில் ‘அத்தை’. அதனால் அந்தக் கேள்வி எனக்குச் சின்னதாகப் படவில்லை.

காரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்தபடி இரண்டு பஸ் மாறி வந்தார். கல்லூரியில் துண்டைப் பிரித்தபோதுதான் வலது பக்கத்தை முதல்முறை பார்த்தேன். ஏயும் ஐயும் எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான், எட்டும் அப்படியே. ஆர், சி, என், ஜி நான்கும் மாட்டிக்கொண்டன. நான் அத்தையிடம் எதுவும் சொல்லவில்லை. காரின் வலது பக்கம் சுவரைப் பார்க்கும்படி ஒட்டித் தள்ளி வைத்தேன். முன்னால் அத்தையின் பெயரை அட்டையில் எழுதி நிறுத்தினேன். யாரைக் காப்பாற்ற அப்படிச் செய்தேன் என்று இப்போது தெரியும். அத்தையை அல்ல.

மதிப்பிட வந்தவர் பெரிய படிப்புப் படித்தவர். குனிந்து இடது பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். ஸ்கேல் என்ன, நிஜக் காரில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று கேட்டார். தலைக்கு ஒரு நகம் என்றார் அத்தை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். (அந்தக் காரை நான் பிறகு வெர்னியர் கருவி வைத்து அளந்தேன். கடைகளில் விலை போட்டு விற்கும் மாதிரிகளைப் போலவே ஒன்றுக்குப் பதினெட்டு. மயிரிழை தவறவில்லை. சிரித்தவர்களில் ஒருவருக்காவது அதை மனக்கணக்காகப் போட வந்திருக்குமா?) பிறகு அவர் காரை எடுத்துத் திருப்பினார்.

ஏன் இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்றுகூட அவர் அத்தையிடம் கேட்கவில்லை. அத்தையே சொன்னார். மாமாவுக்கு ஈரல் கெட்டுக் கிடந்தபோது பல நாள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தவர் அவர். வரிசையாக நின்ற ஆம்புலன்ஸ்களின் எழுத்தை அங்கே பார்த்திருக்கிறார். “வண்டி பக்கத்துல ஒரு மாதிரி கீது சார். மூஞ்சில அதே எழுத்து திரும்பிக்கினு கீது. அப்ப எழுத்து பக்கத்துக்குத் தக்கன திரும்பும்னு நெனச்சேன்.” முன்னால் போகிற வண்டிக்காரர் தன் கண்ணாடியில் பார்த்து வழிவிடுவதற்காக அப்படி எழுதுகிறார்கள் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பஸ்ஸின் இரண்டு பக்கத்தையும் பார்த்ததில்லையா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: நாம் ஏறுகிற பக்கம் ஒன்றுதான். படிக்கத் தெரியாத ஒருவர் எழுத்தை உற்றுப் பார்த்து, வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு விதியும் யோசித்திருக்கிறார். விதி தவறு. ஆனால் அப்படி யோசித்த ஒருவர்தான் அந்த அறையில் இருந்தார்.

மதிப்பிட்டவர் என்னைப் பார்த்துக் கேட்டார். “ஒழுங்கா இருக்கிற பக்கம் நீ செஞ்சது, அந்தப் பக்கம் உங்க அத்தை செஞ்சதாம்மா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். இதை எழுதாமல் மற்றவர்களைத் திட்டிவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை.

மாலையில் சான்றிதழ் கொடுத்தார்கள். சிறந்த மாதிரி என்று போட்டு, என் பெயரை எழுதியிருந்தார்கள். அத்தைதான் செய்தது என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் துறைத் தலைவர் என் தோளைத் தட்டி, அடக்கம் போதும் என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நான் துரத்திப் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை சான்றிதழை வாங்கிப் பார்த்தார். “என் பேரு எங்க கீது?” நான் என் பெயரின்மேல் விரலை வைத்தேன். இதுதான் அத்தே என்றேன். அவர் வெகுநேரம் பார்த்தார். “நல்லா கீது” என்று சொல்லி, மடங்காமல் பார்த்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். சில நாள் கழித்து, காரும் என்னிடமே இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டார்.

போன மாதம் அந்தக் கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஆண்டு விழாவுக்குப் பழைய மாணவர்களின் பொருட்களை வைக்கிறார்களாம், ‘உங்கள் காரை’ அனுப்ப வேண்டுமாம். பேசியவர் என்னைச் சமாதானப்படுத்துவதுபோல் சொன்னார், எழுத்தைத் திருத்தி அடித்துவிடலாம், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தைச் சுவர் ஓரமாக வைத்துவிடலாம் என்று. எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் உறைத்தது: அந்த யோசனை முதலில் என்னுடையது.

மறுநாளே அத்தையிடம் போனேன். முற்றத்திலிருந்து பார்த்தால் கல்வராயன் மலை தெரியும் வீடு. வெயிலில் வந்ததற்குத் திட்டிவிட்டுச் சோறு போட்டார். நான் விடுதிக்குப் போனபோது அவரே திருக்கோவிலூரில் வாங்கிக் கொடுத்த தட்டு. பாத்திரக் கடையில் நின்று விளிம்பில் என் பெயரை வெட்டி வாங்கியவரும் அவரே. எழுத்து என்னைப் பார்க்கும்படி தட்டைத் திருப்பி வைத்தார். லீவுக்கு அந்தத் தட்டோடு வந்த நாளிலிருந்தே அப்படித்தான் வைப்பார். அன்றைக்குத்தான் அதைக் கவனித்தேன். காலண்டரைப் பார்த்து ஆறு ஆங்கில எழுத்தைச் சுழி பிசகாமல் வரைந்தவர், இந்தத் தட்டை எத்தனை வருடம் கழுவியிருக்கிறார்.

“அத்தே, அன்னிக்கி பஸ்ல நான் காட்டுனது…”

“ஒன் பேரு எனக்குத் தெரியாதா பாப்பா? சாம்பல் போட்டு நான்தான தேச்சிக்கினு கீறேன்.”

“அப்ப ஏன் கேக்கல?”

“நீ படிச்சவ. நீயே சொல்லுவன்னு இருந்தேன்.” கோபமாகச் சொல்லவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார். ஐந்து வருடம் காத்திருந்த வார்த்தை அவ்வளவு சாதாரணமாக வந்தது.

கல்லூரிக்காரர்கள் சொன்னதைச் சொன்னேன். எழுத்தைத் திருத்தட்டுமா என்றும் கேட்டேன், அது தப்பு என்பதையும் இந்த முறை மறைக்காமல் சொன்னேன். அத்தை யோசித்தார். “அந்தப் பக்கம் பாத்து செஞ்சது. இது நானா செஞ்சது. இருக்கட்டும்.” பிறகு பெயர் அட்டை வேண்டும் என்றார். நான் பேனாவை எடுத்தேன். “நீ எழுதுனது போதும். ஒருதபா காட்டு, நான் எழுதறேன்.”

காட்டினேன். அவர் எழுந்துபோய் ரேஷன் அட்டையை எடுத்துவந்தார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் இருக்கும் பெயரையும் நான் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சுழி சுழியாக ஒத்துப் பார்த்தார். என்னைச் சரிபார்த்தார். பிறகு தன் கையாலேயே அட்டையில் எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கல்லூரிக்கு என் நிபந்தனைகளைச் சொல்லிவிட்டேன்: வலது பக்கம் பார்வையாளரைப் பார்க்க வேண்டும், பெயர் அட்டை அருகில் நிற்க வேண்டும். கலந்து பேசிச் சொல்வதாகச் சொன்னார்கள். பேசட்டும். அதுவரை கார் என் மேசையில்தான் இருக்கும். இப்போது அதன் இடது பக்கம் சுவரைப் பார்க்கிறது. திரும்பிய எழுத்துகள் வாசலைப் பார்க்கின்றன. வருகிறவர்கள் சிரிக்கலாம். சிரித்து முடித்ததும் முன்னால் இருக்கும் அட்டையைப் படிக்கச் சொல்கிறேன். அதில் உள்ள பெயரை இங்கே நான் எழுதவில்லை. அதை எழுதுவது இனி என் வேலை இல்லை.